மின் கூட்டுறவில் கட்டண உயர்வு: உறுப்பினர்கள் கேட்ட கேள்விகள்

அமெரிக்காவில் ஆஸ்டின், டல்லாஸ், அட்லாண்டா போன்ற நகரங்களின் புறப்பகுதிகளில் வீடு வாங்கிய தமிழ்க் குடும்பங்களில் பல, தனியார் நிறுவனத்திடமிருந்து அல்லாமல் கூட்டுறவுச் சங்கத்திடமிருந்தே மின்சாரம் பெறுகின்றன. இணைப்புக்கு விண்ணப்பித்த அன்றே அவர்கள் அந்தச் சங்கத்தின் உறுப்பினர்களாகிவிடுகிறார்கள். ஆனால் கட்டண உயர்வை அறிவிக்கும் கடிதம் வரும் நாளில்தான் அது பலருடைய நினைவுக்கு வருகிறது. இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றியவை என்பதால் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: "லாப நோக்கமற்ற சங்கம், நீங்களே உரிமையாளர்" என்று ஒவ்வொரு பில்லிலும் அச்சிடுகிறார்கள். லாபம் எடுக்க யாரும் இல்லை என்றால் கட்டணம் ஏன் உயர வேண்டும்? அந்தப் பணம் யாரிடம் போகிறது? (டெக்சாஸ் வாசகர்)

பதில்: கூட்டுறவு மின்சாரத்துக்கான எண்ணமே இப்படிப்பட்ட ஒரு கேள்வியில்தான் தனக்குள் முளைத்தது என்று குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் சொல்லியிருக்கிறார். ஜார்ஜியாவின் வார்ம் ஸ்பிரிங்ஸில் அவர் தங்கியிருந்த சிறு குடிலுக்கு வந்த மின்கட்டணம் யூனிட்டுக்கு 18 சென்ட். நியூயார்க் மாநிலத்து ஹைட் பார்க்கில் அவருடைய சொந்த வீட்டுக்குச் செலுத்தியதைப்போல் இது ஏறத்தாழ நான்கு மடங்கு. 1938 ஆகஸ்டில் ஜார்ஜியாவின் பார்ன்ஸ்வில் ஊரில் கிராமப்புற மின்திட்டம் ஒன்றைத் தொடங்கிவைத்தபோது அவர் இதை நினைவுகூர்ந்தார். 1935இல் கிராம மின்மயமாக்கல் நிர்வாகத்தை அவர் ஏற்படுத்தியபோது, அமெரிக்கப் பண்ணை வீடுகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. மைலுக்கு இரண்டு மூன்று வீடுகள் மட்டுமே உள்ள இடத்துக்குக் கம்பி இழுத்தால் முதல் திரும்பாது என்று தனியார் நிறுவனங்கள் ஒதுங்கிக்கொண்டதால், விவசாயிகள் ஆளுக்குச் சில டாலர் போட்டுச் சங்கம் அமைத்து, அரசுக் கடன் பெற்றுத் தாங்களே கம்பம் நட்டார்கள். இன்று நாடெங்கும் ஏறத்தாழ 900 மின் கூட்டுறவுகள் 4 கோடிக்கும் அதிகமான மக்களுக்கு மின்சாரம் வழங்குகின்றன.

இந்தப் பழைய கதைக்கும் உங்கள் கேள்விக்கும் நேரான தொடர்பு உண்டு. கூட்டுறவுகளின் கம்பித் தடத்தில் மைலுக்குச் சராசரியாக எட்டு இணைப்புகள்தான் இன்றும் இருக்கின்றன. தனியார் நிறுவனங்களுக்கோ அது முப்பதுக்கும் மேல். ஒரு மைலுக்கான கம்பம், கம்பி, மின்மாற்றி ஆகியவற்றின் விலையும், அந்தத் தடத்தில் மரக்கிளை வெட்டும் கூலியும், புயலுக்குப் பின் பழுதுபார்க்கும் ஆட்களின் சம்பளமும் இரு தரப்புக்கும் ஏறத்தாழ ஒன்றுதான் என்றாலும், அங்கே முப்பது வீடுகள் பகிர்ந்துகொள்வதை இங்கே எட்டு வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. 2020க்குப் பிறகு மின்மாற்றிகளின் விலை கடுமையாக ஏறியது. வரிசையில் காத்திருந்து வாங்கும் காலமும் ஓராண்டுக்கு மேல் நீண்டது. இந்தச் சுமை எட்டு வீட்டுக் கணக்கில் எப்படி இறங்கும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

ஆயினும் கம்பியும் கம்பமும் செலவின் சிறு பாதிதான். நீங்கள் செலுத்தும் ஒவ்வொரு டாலரிலும் பொதுவாகப் பாதிக்கு மேற்பட்ட பங்கு மொத்த மின்சாரம் வாங்குவதற்கே போய்விடுகிறது. பெரும்பாலான விநியோகச் சங்கங்கள் சொந்தமாக மின்சாரம் உற்பத்தி செய்வதில்லை. பல சங்கங்கள் கூடி அமைத்த உற்பத்திக் கூட்டுறவிடமிருந்து நீண்டகால ஒப்பந்தத்தில் அவை மின்சாரத்தை வாங்குகின்றன. எஞ்சியதில் ஊழியர் சம்பளமும் பராமரிப்பும் போக, கடனுக்கான வட்டி ஒரு பெரிய செலவு. அரசின் கிராமப் பயன்பாட்டுச் சேவை அமைப்பிடம் கடன் வாங்கிய விநியோகச் சங்கம், செலுத்தும் நீண்டகால வட்டியைப்போல் 1.25 மடங்காவது ஈட்ட வேண்டும் என்பது கடன் நிபந்தனை. அதாவது, வட்டிக்கு 100 டாலர் தேவையென்றால் அதற்கு மேல் 25 டாலராவது கையிருப்பாக நிற்க வேண்டும். லாப நோக்கமற்ற சங்கம் ஆண்டு முடிவில் உபரி காட்டுவது ஏன் என்று பலர் ஐயுறுகிறார்கள். அந்த உபரி இல்லாவிட்டால் அடுத்த துணை மின்நிலையம் கட்டக் கடன் கிடைக்காது. மேலும் அது உங்கள் பெயரிலேயே கணக்கு வைக்கப்படுகிறது. அதைப் பற்றி வேறொரு கேள்விக்கான பதிலில் சொல்கிறேன்.

கேள்வி: 2022இல் இயற்கை எரிவாயு விலை ஏறியபோது கட்டணத்தை ஏற்றினார்கள். பின்னர் விலை விழுந்த செய்தியையும் படித்தோம். ஏற்றியது ஏன் இறங்கவில்லை? (ஜார்ஜியா வாசகி)

பதில்: உங்கள் பில்லில் கட்டணம் இரண்டு வெவ்வேறு வரிகளில் அச்சாகியிருப்பதைக் கவனியுங்கள். ஒன்று அடிப்படை யூனிட் கட்டணம்; இன்னொன்று 'பவர் காஸ்ட் அட்ஜஸ்ட்மென்ட்' என்ற பெயரிலோ அதைப் போன்ற வேறு பெயரிலோ வரும் மின்கொள்முதல் சரிக்கட்டல். எரிபொருள் விலையோடு சேர்ந்து ஏறி இறங்க வேண்டியது இரண்டாவது வரிதான். அமெரிக்காவின் அடையாள எரிவாயுச் சந்தையான ஹென்றி ஹப்பில் 2020இல் பத்து லட்சம் பி.டி.யூ. (வெப்ப அலகு) எரிவாயுவுக்குச் சராசரியாக 2 டாலர் அளவில் இருந்த விலை, 2022இல் 6 டாலரைத் தாண்டியது. 2023இல் 3 டாலருக்குக் கீழே வந்தது. அந்த இறக்கம் சரிக்கட்டல் வரியில் தெரிந்திருக்க வேண்டும். விலை ஏறிய மாதங்களில் சங்கம் முழுத் தொகையையும் வசூலிக்காமல் ஒத்திவைத்திருந்தால் அந்த நிலுவை தீரும்வரை இறக்கம் தள்ளிப்போகும். அப்படியானால் நிலுவை எவ்வளவு, எந்த மாதத்தில் தீரும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இப்போது அறிவிக்கப்பட்டிருப்பது முதல் வரியின் உயர்வு. அதற்கான காரணங்கள் எரிவாயு விலையைவிட மெதுவாக நகர்பவை, ஆனால் ஆழமானவை. இரண்டு மாநிலங்களின் அனுபவத்தைச் சொன்னால் இது விளங்கும்.

ஜார்ஜியாவில் 38 உறுப்பினர் சங்கங்களுக்கு மின்சாரம் வழங்கும் ஓகல்தோர்ப் பவர் என்னும் உற்பத்திக் கூட்டுறவுக்கு, வோக்டில் அணுமின் நிலையத்தின் புதிய மூன்றாம், நான்காம் உலைகளில் 30 விழுக்காடு பங்கு இருக்கிறது. 2016, 2017ஆம் ஆண்டுகளில் முடியும் என்று திட்டமிடப்பட்ட உலைகள் 2023 ஜூலையிலும் 2024 ஏப்ரலிலும்தான் வணிக உற்பத்திக்கு வந்தன. இடையில் 2017இல் உலைகளை வடிவமைத்த வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரியது. சுமார் 1,400 கோடி டாலர் என்று தொடங்கிய மொத்த மதிப்பீடு 3,000 கோடியைத் தாண்டியது. உலைகள் 60 ஆண்டுகள் இயங்கும் வகையில் வடிவமைக்கப்பட்டவை, புகை கக்காதவை, எரிவாயு விலை மீண்டும் 6 டாலரைத் தொட்டாலும் அவற்றின் எரிபொருள் செலவு பெரிதாக அசையாது. நம் பிள்ளைகளின் காலத்துக்கு அது நன்மை என்றே நான் கருதுகிறேன். ஆனால் அதைக் கட்டிய கடனின் தவணை இன்று பில் செலுத்துபவர்களிடமிருந்துதான் வர வேண்டும். எரிவாயு மலிவாகிவிட்டது என்பதற்காக அந்தத் தவணை குறையாது.

டெக்சாஸின் கதை வேறு. 2021 பிப்ரவரியில் வந்த 'யூரி' பனிப்புயலின்போது மொத்த மின்சந்தையின் விலை மெகாவாட் மணிக்கு 9,000 டாலர் என்ற உச்சவரம்பில், அதாவது யூனிட்டுக்கு 9 டாலரில், நான்கு நாட்கள் அளவுக்கு நிறுத்திவைக்கப்பட்டது. சாதாரண நாளில் அதே யூனிட் சில சென்ட்தான். 16 சங்கங்களுக்கு மின்சாரம் வழங்கிவந்த பிராசோஸ் உற்பத்திக் கூட்டுறவு, அந்தச் சில நாட்களுக்காக வந்த 180 கோடி டாலருக்கும் மேற்பட்ட பில்லைச் செலுத்த வழியில்லாமல் 2021 மார்ச் 1 அன்று திவால் பாதுகாப்பு கோரியது. வேறு சில கூட்டுறவுகள் அந்த வாரத்துச் செலவைப் பல ஆண்டுக் கடன் பத்திரங்களாக மாற்றி, மாதச் சிறு தொகையாக வசூலிக்கும் வழியைத் தேர்ந்தன. ஒரு வாரக் குளிரின் விலையைப் பல ஆண்டுகள் செலுத்துவது கசப்பானதுதான்; ஆயினும் ஒரே மாதத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஆயிரக்கணக்கான டாலர் பில் அனுப்புவதைவிட அது மனிதத்தன்மையுள்ள முடிவு.

கேள்வி: நானும் என் தாயாரும் மட்டுமே வசிக்கும் சிறு வீடு. மின்சாரத்தை மிகச் சிக்கனமாகப் பயன்படுத்துகிறோம். புதிய அறிவிப்பில் யூனிட் விலை கொஞ்சம்தான் ஏறியிருக்கிறது. மாத நிலைக்கட்டணம் மட்டும் பெரிதாக ஏறியிருக்கிறது. சிக்கனமாக இருப்பவர்களுக்குத் தண்டனையா இது? (டெக்சாஸ் வாசகி)

பதில்: கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசுவோம். உங்கள் சங்கத்தின் எண்களாக அல்லாமல், எளிதாக விளங்கும் உதாரணமாக இதைக் கொள்ளுங்கள். பழைய நிலைக்கட்டணம் 25 டாலர், யூனிட் 10 சென்ட். புதியது 35 டாலர், யூனிட் 10.5 சென்ட். மாதம் 1,000 யூனிட் பயன்படுத்தும் வீட்டுக்கு 125 டாலர் 140 ஆகிறது. உயர்வு 12 விழுக்காடு. பெரிய வீட்டில் 2,000 யூனிட் பயன்படுத்துபவருக்கு 225 டாலர் 245 ஆகிறது. உயர்வு 9 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. உங்களைப் போல் 400 யூனிட் பயன்படுத்துபவருக்கு 65 டாலர் 77 ஆகிறது. உயர்வு 18 விழுக்காட்டுக்கும் மேல். சங்கத்தின் கடிதத்தில் இருப்பது பெரும்பாலும் 1,000 யூனிட் வீட்டுக்கான அந்த 12 விழுக்காடு மட்டுமே. சராசரி உறுப்பினருக்கு இவ்வளவு என்று எழுதுவதில் பொய் இல்லை. ஆனால் தனியாக வாழும் முதியவரும், வாடகை அடுக்ககத்தில் இருப்பவரும் அந்தச் சராசரிக்குள் மறைந்துபோகிறார்கள்.

சங்கம் சொல்லும் காரணத்தையும் நேர்மையாக முன்வைக்க வேண்டும். உங்கள் வீட்டு வாசல்வரை வரும் கம்பி, மின்மாற்றி, மீட்டர், பில் அனுப்பும் அலுவலகம் ஆகியவற்றின் செலவு நீங்கள் 400 யூனிட் பயன்படுத்தினாலும் 2,000 யூனிட் பயன்படுத்தினாலும் மாறுவதில்லை. இந்தச் செலவை யூனிட் விலையில் ஏற்றினால், வெயில் குறைந்த ஆண்டில் வசூல் குறைந்து சங்கம் தடுமாறும். கட்டணம் மாற்றுவதற்கு முன் செய்யப்படும் சேவைச் செலவு ஆய்வுகளில், ஓர் இணைப்புக்கான உண்மையான நிலைச்செலவு இப்போதைய நிலைக்கட்டணத்தைவிட அதிகம் என்ற முடிவே பெரும்பாலும் வருகிறது.

இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. முழு உண்மையும் அதில் இல்லை. அடர்த்தியான குடியிருப்பில் ஒரே மின்மாற்றியைப் பலரோடு பகிரும் சிறு வீட்டுக்கும், பத்து ஏக்கர் நிலத்தின் நடுவே தனக்கென்று ஒரு மின்மாற்றி வைத்திருக்கும் மாளிகைக்கும் நிலைச்செலவு ஒன்றல்ல. ஆனால் நிலைக்கட்டணம் இருவருக்கும் ஒன்றாகத்தான் இருக்கிறது. அதைவிட முக்கியமாக, நிலைக்கட்டணம் ஏறும்போது சிக்கனத்தால் மிச்சப்படுத்தும் வழி அடைபடுகிறது. விளக்கை அணைத்தாலும் ஏசியைக் குறைத்தாலும் அந்த 35 டாலர் அசையாது. ஆகவே நிலைக்கட்டண உயர்வு தவிர்க்க முடியாதது என்றாலும், மூன்று நான்கு ஆண்டுகளில் படிப்படியாக ஏற்ற வேண்டும் என்பதும், குறைந்த பயன்பாட்டு வீடுகளுக்கு என்ன விளைவு என்பதை வாக்கெடுப்புக்கு முன்பே அட்டவணையாக வெளியிட வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து. நீங்கள் கேட்பது சலுகையல்ல, கணக்கு.

கேள்வி: மாலை 3 மணி முதல் 7 மணிவரை பயன்பாட்டைக் குறைக்கும்படி கோடையில் குறுஞ்செய்தி அனுப்புகிறார்கள். என் ஒரு வீடு குறைத்து என்ன ஆகிவிடப்போகிறது? (டெக்சாஸ் வாசகர்)

பதில்: யூனிட் கணக்கில் பார்த்தால் சில சென்ட்தான். ஆனால் உங்கள் சங்கம் செலுத்தும் தொகையில் ஒரு பகுதி யூனிட் கணக்கில் வருவதில்லை. டெக்சாஸின் ஒருங்கிணைந்த மின்தொகுப்பில், நீண்டதூர மின்கடத்தல் தடங்களின் செலவைப் பகிர்ந்துகொள்ள இதுவரை கையாளப்பட்டுவரும் முறை இது: ஜூன், ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் ஆகிய நான்கு மாதங்களிலும் மாநிலத்தின் மின்தேவை உச்சத்தைத் தொட்ட 15 நிமிடத்தை மட்டும் எடுத்து, அந்த நான்கு கால்மணிநேரங்களில் ஒவ்வொரு சங்கத்தின் பங்கு எவ்வளவோ, அந்த விகிதத்தில் அடுத்த ஆண்டுக்கான கடத்தல் செலவைச் சுமத்துகிறார்கள். அதாவது, ஆண்டின் 8,760 மணிநேரத்தில் ஒரே ஒரு மணிநேரத்து நடத்தை பல கோடி டாலர் கணக்கைத் தீர்மானிக்கிறது. அந்தக் கால்மணிநேரம் எது என்பது முடிந்த பிறகுதான் உறுதியாகத் தெரியும் என்பதால், சங்கம் ஊகித்து, வெப்பம் மிகுந்த நாட்களில் எல்லாம் செய்தி அனுப்புகிறது.

ஒரு நடுத்தர வீட்டு ஏசி ஓடும்போது 3, 4 கிலோவாட் இழுக்கும். மின்காரை வீட்டில் வேகமாக மின்னேற்றும் கருவி 7 கிலோவாட்டும் அதற்கு மேலும் இழுக்கும். அலுவலகத்திலிருந்து திரும்பியதும் காரைச் செருகிவிட்டு, துணி உலர்த்தியையும் போட்டுவிட்டு, ஏசியின் வெப்பநிலையையும் இறக்கிவைக்கும் ஒரு வீடு, அந்த நேரத்தில் மூன்று வீடுகளின் சுமையைக் கம்பியில் ஏற்றுகிறது. ஆயிரம் வீடுகள் மின்னேற்றத்தை மட்டும் இரவு பத்து மணிக்குத் தள்ளிவைத்தால் ஏழாயிரம் கிலோவாட் உச்சத்திலிருந்து விலகும். காரில் நேரத்தைப் பதித்துவைக்கும் வசதி இருக்கிறது. ஒருமுறை பதித்தால் போதும். உங்கள் சங்கத்தில் நேரத்துக்கேற்ற கட்டணம் இருந்தால் இந்த மிச்சம் உங்கள் பில்லிலேயே தெரியும். இல்லாவிட்டால் எல்லோருடைய பில்லிலும் மெல்லப் பரவும்.

கேள்வி: கூரையில் சோலார் போட்டிருக்கிறேன். நான் தரும் யூனிட்டுக்கு வாங்கும் விலையைவிடக் குறைவாகத் தருகிறார்கள். (ஜார்ஜியா வாசகர்)

பதில்: சில்லறை விலையில் கம்பிச் செலவும் அடங்கியிருக்கிறது, நீங்கள் தரும் யூனிட் சங்கத்துக்கு மிச்சப்படுத்துவது பெரும்பாலும் மொத்தக் கொள்முதல் விலையை மட்டுமே. ஆகவே வித்தியாசம் இருப்பது இயல்பு. உங்கள் சங்கம் கொடுக்கும் விலை அந்த மொத்தக் கொள்முதல் செலவுக்கு அருகிலாவது இருக்கிறதா என்பதைக் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் உங்கள் குறை நியாயமானது.

கேள்வி: ஊரில் என் பெற்றோருக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இங்கே ஏன் ஏழைகளுக்குக்கூட அப்படி ஒரு ஏற்பாடு இல்லை? (வர்ஜீனியா வாசகி)

பதில்: தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்குக் கிடைக்கும் அந்த 100 யூனிட்டின் விலையை அரசு மானியமாக மின்வாரியத்துக்கு ஈடு செய்கிறது, அதாவது, அதைச் சுமப்பது அரசின் கருவூலம். கூட்டுறவில் அப்படி வெளியே ஒரு கை இல்லை. ஒருவருக்குக் குறைத்தால் இன்னோர் உறுப்பினருக்கு ஏறும். அதனால் உதவி வேறு வடிவங்களில் வருகிறது: குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான கூட்டரசின் எரிசக்தி உதவித் திட்டம் ஒன்று, பில் தொகையை அடுத்த முழு டாலருக்கு உயர்த்தி அந்தச் சில்லறையை நிதியாகச் சேர்த்து உதவும் 'ரவுண்ட் அப்' திட்டம் இன்னொன்று. உங்கள் சங்கத்தில் அது இருந்தால் சேருங்கள். மாதம் ஒரு டாலருக்கும் குறைவான செலவில் அண்டை வீட்டு முதியவரின் இணைப்பு துண்டிக்கப்படாமல் காக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தியாவிலும் இந்த வகைச் சங்கங்கள் உண்டு. 1969இல் கிராம மின்மயமாக்கல் கழகம் தொடங்கப்பட்ட காலத்தில், அமெரிக்கக் கூட்டுறவுகளின் உதவியோடு சில மாநிலங்களில் சோதனை முயற்சியாகக் கிராம மின் கூட்டுறவுகள் அமைக்கப்பட்டன. தெலங்கானாவின் சிரிசில்லாவில் இருக்கும் சங்கம் அவற்றில் ஒன்று. இன்றும் அது இயங்கிவருகிறது.

கேள்வி: ஐந்து ஆண்டுகள் ஒரு சங்கத்தின் பகுதியில் இருந்துவிட்டு வேறு மாநிலத்துக்கு மாறிவிட்டோம். எங்கள் பெயரில் ஏதோ 'கேப்பிட்டல் கிரெடிட்' இருந்ததாக நண்பர் சொல்கிறார். அது என்ன? (வட கரோலினா வாசகர்)

பதில்: முதல் பதிலில் சொன்ன உபரிதான் அது. ஆண்டு முடிவில் செலவு போக மிஞ்சிய தொகையை, அந்த ஆண்டில் யார் எவ்வளவு கட்டணம் செலுத்தினார்களோ அந்த விகிதத்தில் உறுப்பினர் பெயரில் பிரித்து எழுதிவைக்கிறார்கள். அதைச் சங்கம் முதலீடாகப் பயன்படுத்திக்கொண்டு, நிதிநிலை இடம்கொடுக்கும்போது, பழைய ஆண்டுகளிலிருந்து தொடங்கித் திருப்பித் தருகிறது. 15, 20 ஆண்டுகள், சில இடங்களில் அதற்கு மேலும் ஆகலாம். நீங்கள் இடம் மாறியதால் அந்தப் பணம் சங்கத்துக்குப் போய்விடாது. ஆனால் புதிய முகவரி அவர்களிடம் இல்லையென்றால் காசோலை திரும்பிப்போய், கோரப்படாத தொகைகளின் பட்டியலில் சேர்ந்துவிடும். வேலைக்காக மாநிலம் விட்டு மாநிலம் மாறும் நம் குடும்பங்களில் பலர் இப்படித் தங்கள் பணத்தை மறந்திருக்கிறார்கள். பழைய உறுப்பினர் எண்ணோடு இன்றே ஒரு கடிதம் எழுதுங்கள். உறுப்பினர் இறந்துவிட்டால் வாரிசுகள் முன்கூட்டியே பெற்றுக்கொள்ளும் வழியும் பல சங்கங்களில் உண்டு.

கேள்வி: உயர்வை எதிர்த்து யாரிடம் முறையிடுவது? வேறு நிறுவனத்துக்கு மாற முடியுமா? (டெக்சாஸ், ஜார்ஜியா வாசகர்கள் பலர்)

பதில்: மாறுவது பெரும்பாலும் இயலாது. டெக்சாஸில் 2002 முதல் பல பகுதிகளில் மின்விற்பனையாளரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்தாலும், கூட்டுறவுகள் அதில் சேர்வதும் சேராமலிருப்பதும் அவற்றின் விருப்பம்; மிகச் சிலவே சேர்ந்திருக்கின்றன.

முறையிடுவது மாநிலத்தைப் பொறுத்தது. வர்ஜீனியா, கென்டக்கி போன்ற மாநிலங்களில் கூட்டுறவுகளின் கட்டணத்தையும் மாநில ஆணையம் ஆராய்கிறது. டெக்சாஸிலும் ஜார்ஜியாவிலும் சங்கத்தின் இயக்குநர் குழுவே கட்டணத்தை முடிவு செய்கிறது. அங்கே உங்களுக்கு மேல்முறையீடு போலிருப்பது இயக்குநர் தேர்தல்தான். எத்தனை யூனிட் வாங்கினாலும் ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு. ஆனால் பல சங்கங்களில் பத்தில் ஒருவர்கூட வாக்களிப்பதில்லை. வாக்குச்சீட்டு பில்லோடு சேர்ந்து வருகிறது. விளம்பரத் தாளென்று எண்ணி நாம் தூக்கி எறிந்துவிடுகிறோம்.

உறுப்பினர்கள் கூடினால் என்ன ஆகும் என்பதற்கு டெக்சாஸின் பெடர்நேல்ஸ் சங்கம் சான்று. 1938இல் தொடங்கிய அந்தச் சங்கம் நாட்டின் மிகப் பெரிய விநியோகக் கூட்டுறவாக வளர்ந்தபின், இயக்குநர்கள் தங்களுக்குள்ளேயே பதவியைத் தொடர்ந்துகொள்ளும் நிலை உருவாகியிருந்தது. 2007இல் உறுப்பினர்கள் வழக்குத் தொடுத்தார்கள். அடுத்த ஆண்டே தேர்தல் முறை திறந்துவிடப்பட்டு, போட்டியிட விரும்பிய உறுப்பினர்கள் போட்டியிட்டார்கள். குழுக் கூட்டங்களும் உறுப்பினர்களுக்குத் திறக்கப்பட்டன.

உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்குச் செல்வதானால், கட்டணத்தைக் குறையுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். அதற்கு ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்பிவிடுவார்கள். சேவைச் செலவு ஆய்வின் முழு அறிக்கையைக் கேளுங்கள். 400, 1,000, 2,000 யூனிட் வீடுகளுக்கான பழைய, புதிய பில்களை அருகருகே கேளுங்கள். உயர்வில் எத்தனை விழுக்காடு மொத்தக் கொள்முதலுக்கு, எத்தனை வட்டிக்கு, எத்தனை புதுக் கட்டுமானத்துக்கு என்று கேளுங்கள். வேகமாக வளரும் புறநகரில் புதிய குடியிருப்புகளுக்கும் தரவு மையங்களுக்கும் இழுக்கும் கம்பியின் செலவை அவர்களே ஏற்கிறார்களா, பழைய உறுப்பினர்கள்மீது விழுகிறதா என்பதைத் தவறாமல் கேளுங்கள். வரும் ஆண்டுகளின் உயர்வு பெருமளவு இதைப் பொறுத்தே அமையும். கேள்விகளைக் கூட்டத்துக்குப் பத்து நாட்களுக்கு முன்பே எழுத்தில் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.